தவக்காலத்துக்கு எந்தப் படம் போடலாம்? பக்திப் படங்களை எதை வைத்து எடைபோடுவது?

மறைக்கல்வி_டீச்சர்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

கோட்டாறு மறைமாவட்டத்தில் ஒரு கடலோரப் பங்கில் உறுதிப்பூசுதல் வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் இளைஞர்களுக்கு ஒரு படம் போடலாம் என்று பங்குச்சாமி சம்மதித்துவிட்டார். எந்தப் படம் என்பதை என்னிடம் விட்டுவிட்டார்.

பிள்ளைகள் கொடுத்த பட்டியல்: மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்', 'தி சோசன்' தொடரில் சில பகுதிகள், ஸ்கார்செஸியின் 'சைலன்ஸ்', அப்புறம் 'தி கான்ஜுரிங்'. கடைசிப் படம் எதற்கு என்று கேட்டால், "அதுலயும் சிலுவையும் தீர்த்தமும்தானே டீச்சர் ஜெயிக்குது" என்கிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' போட்டோம். எல்லோரும் உருகிப்போய்ப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "மாதா வலியில்லாமப் பெத்தாங்கன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. படத்துல வலியில துடிக்கிறாங்களே, எது டீச்சர் சரி?" என்று கேட்டாள். பாட்டி சொன்னதுதான் என்றேன். "அப்போ வத்திக்கான்லயே இந்தப் படத்தைப் போட்டாங்களாமே?" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல?

திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவந்ததை வைத்து ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதை முதலில் பார்க்க வேண்டும்? வேதாகமத்தில் இல்லாத காட்சி வந்தாலே தள்ளிவிட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாய்க்கரை

டீச்சர், ரொம்ப அலச வேண்டாம் என்பது என் கருத்து. 2004இல் பேஷன் படம் வந்தபோது, கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் தவிர கோயில் பக்கமே வராத எங்கள் ஊர் ஆட்கள் அந்தப் பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். என் சொந்தச் சித்தப்பாவும் அதில் ஒருவர். அப்படி அழுதுகொண்டு வந்தவரை நிறுத்தி, "நீங்கள் பார்த்த காட்சி எந்த அதிகாரத்தில் இருக்கிறது?" என்று கேட்க முடியுமா? படம் ஆளைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்தால் போதும். மீதியைச் சாமிமார் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய_புரொஜெக்டர்

டீச்சரம்மா, நான் இளவட்டமாக இருந்த காலத்தில் 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்ப் படம் காட்டியவன். 1978இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு' தமிழில் 'கருணாமூர்த்தி' ஆனது. அதை மணலில் திரை கட்டிக் காட்டும்போது, சாட்டையடிக் காட்சியில் கிழவிகள் எழுந்து முழந்தாளிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கண்ணீரை நான் குறைத்துப் பேச மாட்டேன். தம்பியின் சித்தப்பா திரும்பி வந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி.

ஆனால் கண்ணீரை அளவுகோலாக வைக்க முடியாது. நல்ல இசையும் நல்ல நடிகரும் சேர்ந்தால் சரியானதற்கும் அழுவோம், தவறானதற்கும் அழுவோம். பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1936 ஜூன் 29இல் சினிமாவைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். அவர் கவலைப்பட்டது இதைத்தான். புத்தகம் படிக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும், யோசிக்க வேண்டும். படம் தானாக உள்ளே போய்விடும், அதுவும் சந்தோஷமாகப் போய்விடும். படிப்பறிவு இல்லாதவருக்கும் போய்விடும். உங்கள் மாணவி கேட்ட கேள்வியே இதற்குச் சாட்சி. பாட்டி எத்தனையோ வருஷமாகச் சொன்னதை இரண்டு நிமிஷக் காட்சி அசைத்துப் பார்த்துவிட்டது.

நான் எந்தப் படத்திலும் முதலில் பார்ப்பது, இது கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது, ஆண்டவர் வாயில் எதை வைக்கிறது என்பதைத்தான். வேதாகமத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறார்களா என்பது அதற்கு அப்புறம். சேர்ப்பது வேறு, மாற்றுவது வேறு.

பேஷன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டையடி முடிந்ததும் பிலாத்துவின் மனைவி வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுக்கிறாள், மாதாவும் மகதலா மரியாவும் கல் தரையில் சிந்திய இரத்தத்தைக் குனிந்து ஒற்றி எடுக்கிறார்கள். இது நற்செய்தியில் இல்லை. ஆன் கேத்தரின் எமெரிக் என்ற ஜெர்மன் கன்னிகையின் காட்சிகள் என்று சொல்லப்படும் புத்தகத்திலிருந்து வந்தது. அவருக்கு அதே 2004 அக்டோபரில் புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள், ஆனால் அந்தப் புத்தகங்களைக் கணக்கில் எடுக்காமல்தான் கொடுத்தார்கள். எழுதியவர் கவிஞர் பிரெண்டானோ, எது எமெரிக் சொன்னது எது பிரெண்டானோ சேர்த்தது என்று பிரிக்க முடியாது. எனவே அந்தக் காட்சியை யாரும் விசுவாசிக்கத் தேவையில்லை. ஆனால் அது விசுவாசத்தில் எதையும் இடிக்கவில்லை. சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாள் துணியால் முகம் துடைப்பதும் நற்செய்தியில் இல்லைதானே, வெள்ளிக்கிழமைதோறும் அங்கே முழந்தாளிடுகிறோம். நம் ஆட்கள் மாதாவின் துயரத்தைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள், ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் பார்த்தவர்கள். மாதாவின் கண் வழியாகப் பாடுகளைப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை.

அந்தப் படத்தில் என்னை அசத்தியது இரத்தம் இல்லை, வெட்டி ஒட்டிய விதம். கல்வாரியில் ஆணி அறையும்போது, நடுநடுவே கடைசி இராவுணவு வருகிறது. அங்கே கை அப்பத்தை எடுக்கிறது, இங்கே கை மரத்தில் அறையப்படுகிறது. அங்கே "இது என் உடல்", இங்கே அந்த உடல். திரெந்து பொதுச்சங்கம் 1562இல் திருப்பலியைப் பற்றிச் சொன்னது இதைத்தான்: பலியாவது அதே கிறிஸ்து, ஒப்புக்கொடுப்பவரும் அவரே, ஒப்புக்கொடுக்கும் முறை மட்டும்தான் வேறு. மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னாலும் ஏறாத விஷயம் அங்கே ஒரு வசனம்கூட அதிகமாகப் பேசாமல் ஏறிவிடுகிறது.

இப்போது 'நேட்டிவிட்டி ஸ்டோரி'. பார்க்கப் பாந்தமான படம், யாரையும் புண்படுத்தாது. ஆனால் பிரசவக் காட்சியில் மாதாவுக்கு எல்லாப் பெண்களையும் போல வேதனை. கர்த்தர் பிறந்தபோதும் மாதாவின் கன்னிமை குலையவில்லை என்பது நம் விசுவாசம். 649இல் லாத்தரனில் கூடிய சங்கம் அதைச் சொன்னது, இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மகனின் பிறப்பு தாயின் கன்னிமையைக் குறைக்கவில்லை, புனிதப்படுத்தியது என்று சொல்கிறது. வலியில்லை என்பது அதோடு சேர்ந்து சபைத் தந்தையர் காலத்திலிருந்து வருவது. 1566இல் வந்த திரெந்து மறைக்கல்வி நூல், கண்ணாடியை உடைக்காமல் சூரிய ஒளி ஊடுருவுவது போல என்று எழுதியிருக்கிறது. உங்கள் மாணவியின் பாட்டிக்கு அது யார் வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

வத்திக்கானில் போட்டார்களே என்றால், ஆமாம், 2006 நவம்பர் 26இல் ஆறாம் சின்னப்பர் அரங்கில் முதல் திரையிடல் நடந்தது. அரங்கில் திரையிடுவது விருந்தோம்பல். ஒரு போதனைக்கு முத்திரை குத்துவது வேறு வேலை, அதைச் செய்யும் அலுவலகமும் வேறு. இதை அந்தப் பிள்ளையிடம் இப்படியே சொல்லலாம், புரிந்துகொள்ளும் வயசுதான்.

'சோசன்' பற்றி. அதை எடுக்கும் டல்லஸ் ஜென்கின்ஸ் பிரிவினை சபைக்காரர் (புராட்டஸ்டண்ட்), இயேசுவாக நடிக்கும் ஜோனத்தன் ரூமி கத்தோலிக்கர். இரண்டாம் சீசன் முடிவில் மலைப்பொழிவை மத்தேயுவோடு உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செதுக்குகிற மாதிரிக் காட்சி வரும். சிலர் அதற்கே கோபப்பட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மனிதராக அவர் கற்றார், வளர்ந்தார் என்று லூக்காவே சொல்கிறார். ஆனால் தான் யார் என்பது அவருக்கே தெளிவில்லை என்று ஒரு படம் காட்டினால் அங்கே நான் நிறுத்திவிடுவேன். தாம் மெசியா என்ற உணர்வு கிறிஸ்துவுக்கு எப்போதும் இருக்கவில்லை என்ற கருத்தை பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் காலத்தில், 1907இல், திருச்சபை வெளிப்படையாகக் கண்டித்தது. 1988இல் வந்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' அடிபடுவது அங்கேதான். சிலுவையில் தொங்கும் இயேசு கல்யாணம் செய்து வாழ்வதாக வரும் அதன் கனவுக் காட்சியைப் பற்றித்தான் ஊரெல்லாம் சண்டை போட்டது. கனவுக்கு முன்னாலேயே, ரோமருக்குச் சிலுவை செய்து கொடுத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிடுவது கடவுளா பிசாசா என்று தெரியாமல் தவிக்கிற ஒருவரை இயேசு என்று காட்டியபோதே படம் தடம் மாறிவிட்டது.

சோசனில் எனக்கு மனசு ஒட்டாத இடம் மகதலா மரியா. ஏழு பேய்கள் நீங்கிய அந்த அம்மா மறுபடியும் குடிக்கப் போய்விடுகிறதாக ஒரு கதை வைத்திருக்கிறார்கள். குடியிலிருந்து மீண்டு, திரும்ப விழுந்தவர்களுக்கு அது ஆறுதல், அந்த நல்ல எண்ணம் தெரிகிறது. ஆனால் நற்செய்தியில் அந்த அம்மா சிலுவையடி வரைக்கும், கல்லறை வரைக்கும் போனவர். போடுவதானால், இது கதாசிரியர் சேர்த்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1964இல் பசோலினி என்ற இத்தாலியர் மத்தேயு நற்செய்தியை அப்படியே படமாக்கினார். அவர் மார்க்சியவாதி, விசுவாசி இல்லை. ஆனால் படத்தில் பேசுகிற பேச்சு முழுக்க மத்தேயு எழுதியது. பாப்பரசர் 23ஆம் அருளப்பரின் நினைவுக்குப் படத்தைக் காணிக்கையாக்கினார். சிலுவையடியில் நிற்கும் மாதாவாக நடித்தது அவருடைய சொந்தத் தாய். எடுத்தவர் யார் என்று பார்த்திருந்தால் நான் அதைத் தொட்டே இருக்க மாட்டேன். அவ்வளவு சுத்தமான படம்.

திருச்சி_வாசகர்

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு எதற்கு? சினிமாவுக்கு நூறு வயசானபோது, 1995இல், வத்திக்கானே 45 படங்களின் பட்டியல் கொடுத்திருக்கிறதே. அதிலிருந்து எடுத்தால் வேலை முடிந்தது.

பழைய_புரொஜெக்டர்

நல்ல பட்டியல் தம்பி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது சமயம், விழுமியம், கலை என்று மூன்று தலைப்பில் இருக்கிறது. கலை என்ற தலைப்பில் 'நோஸ்ஃபெராட்டு' இருக்கிறது, இரத்தம் குடிக்கும் பிசாசுக் கதை. விழுமியத்தில் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' இருக்கிறது. அதில் செத்துப்போன ஒரு மனிதர் வானதூதராக வந்து இறக்கை சம்பாதிக்கிறார். மனிதர் செத்து வானதூதர் ஆவதில்லை, அவர்கள் வேறு படைப்பு. ஆனாலும் கடன் கழுத்தை நெரித்து, ஆற்றில் விழப்போன மனுஷனுக்கு உயிரின் அருமையைக் காட்டுகிற படம் அது. கதை தன்னைக் கதையாகவே காட்டிக்கொள்கிறது, அதனால் அங்கே நான் தூதரிடம் வேதபாடம் கேட்பதில்லை. அந்தப் பட்டியல் நல்ல சினிமாவுக்கான பட்டியல். மறைக்கல்விக்கு அப்படியே எடுக்க முடியாது. ஆனால் செயின்ட் வின்சென்ட் தே பவுல் பற்றிய 'மொன்சியோ வின்சென்ட்', 1947, அதில்தான் இருக்கிறது. டீச்சரம்மா அதைக் கட்டாயம் போடலாம்.

மதுரை_மாதா_பிள்ளை

கான்ஜுரிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

அதில் சிலுவை ஜெயிக்கிறது என்பது மேலோட்டம். 2013இல் வந்த முதல் படத்தில், திருச்சபையின் அனுமதி வருவதற்குள் நேரமாகிவிடும் என்று, குருவானவரே இல்லாமல் ஒரு குடும்பஸ்தர் இலத்தீன் செபத்தைப் படித்துப் பேயோட்டுகிறார். அவருடைய மனைவிக்கு ஆவிகள் தெரியும், தொட்டால் பழையது தெரியும். இரண்டும் தப்பு. பேயோட்டும் பெரிய சடங்கை ஆயரின் தனி அனுமதி பெற்ற குரு மட்டும்தான் செய்யலாம் என்பது திருச்சபைச் சட்டம், 1172ஆம் விதி. அனுமதி என்பது அங்கே வெறும் காகிதம் இல்லை. கிறிஸ்து திருச்சபைக்குக் கொடுத்த அதிகாரத்தால்தான் பேய் போகிறது, தைரியசாலி ஒருவரின் திறமையால் போவதில்லை. 1985இல் ரோமையிலிருந்து ஆயர்களுக்கு வந்த கடிதமும் பொதுநிலையினர் அந்தச் செபத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்கிறது. ஆவிகளோடு பேசுகிற, மறைவானதைப் பார்க்கிற சக்தியை நாடுவதை மறைக்கல்வி நூல் முதல் கட்டளைக்கு எதிரானது என்கிறது.

இதைவிட 1973இன் 'எக்ஸார்சிஸ்ட்' எவ்வளவோ பயங்கரம், ஆனால் அந்தக் குரு முதலில் மருத்துவம் பார்க்கச் சொல்கிறார், சந்தேகப்படுகிறார், ஆயரிடம் போகிறார், ஆயர் அனுபவமுள்ள வயதான குருவை அனுப்புகிறார். நடைமுறை சரி. முடிவில் "என்னுள் வா" என்று பேயைக் கூப்பிடுவதுதான் இடறல். அதற்காக உறுதிப்பூசுதல் வகுப்புக்கு அதைப் போடச் சொல்லவில்லை, தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் பேய் பிடித்தது என்று பெண்களைக் கொண்டுபோய் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேய்ப்படம் போட்டு அந்தப் பயத்துக்குத் தீனி போட வேண்டாம்.

மறைக்கல்வி_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கான்ஜுரிங்கை எடுத்துவிட்டேன். சைலன்ஸ்தான் இன்னும் பாக்கி. ஜப்பானில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்துக் கதை; விசுவாசத்தை விட்டதற்கு அடையாளமாகக் கிறிஸ்துவின் முகம் பதித்த தகட்டை மிதிக்கச் சொல்வார்கள். காலேஜ் படிக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "மத்தவங்க உயிரைக் காப்பாத்த ஒரு தகட்டை மிதிச்சா அது அன்புதானே? உள்ளுக்குள்ள விசுவாசம் இருந்தாப் போதாதா?" என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

பழைய_புரொஜெக்டர்

தள்ளக்கூடாது அம்மா, அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

படத்தில் குருவானவர் ரொட்ரீகஸ் விழுகிறார். விழுவதைக் காட்டுவது தவறே இல்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்தியும் மறைக்காமல் எழுதியிருக்கின்றன. நம் பக்கத்திலேயே குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்கள் முனகிக்கொண்டிருந்தால் நாம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. விழுந்தவருக்கு இரக்கம் உண்டு.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. கிறிஸ்துவின் முகம் பதித்த தகட்டைப் பார்த்து அவர் நிற்கும்போது ஆண்டவரின் குரல் மிதிக்கச் சொல்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்தது அங்கேதான். லூக்கா 22:61இல் ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார், பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுதார். "என்னை மறுதலி" என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. மனிதர் முன் என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று சொன்னவர் அவர். மிதித்ததும் தூரத்தில் சேவல் கூவுகிறது, அதனால் இது மறுதலிப்புதான் என்று இயக்குநருக்கே தெரிந்திருக்கிறது. பிறகும் கடைசியில், பிணத்தின் கைக்குள் சின்னச் சிலுவையை வைத்து, உள்ளே விசுவாசம் இருந்தது, அது போதும் என்று முடிக்கிறார். புனித தாமஸ் அக்குயினாஸ் வேறு சொல்கிறார்: வாய் திறக்காவிட்டால் கடவுளின் மகிமைக்குக் கேடு என்ற இடத்தில் விசுவாசத்தை வெளியே அறிக்கையிட்டே ஆக வேண்டும். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1993இல் எழுதிய சுற்றுமடலும், எந்த நல்ல நோக்கத்துக்காகவும் செய்யக்கூடாத செயல்கள் உண்டு, வேதசாட்சிகள் அதற்குத்தான் சாட்சி என்று சொல்கிறது.

அந்தத் தம்பிக்கு நாகசாகி தூரம். ஆரல்வாய்மொழி பக்கம்தான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கிய தேவசகாயம் பிள்ளையைக் கட்டி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்தார்கள். விசுவாசத்தை விட்டுவிடு, பழையபடி அரண்மனை உத்தியோகத்துக்கு வந்துவிடலாம் என்பதுதான் பேச்சு. வீட்டில் மனைவி இருந்தார். அவரும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டார்கள். உங்கள் கோட்டாறு பேராலயத்தில்தான் அடக்கம். 2022 மே 15இல் ரோமையில் புனிதராக்கியபோது நீங்கள் எல்லோரும் திரை கட்டிப் பார்த்திருப்பீர்கள்.

படத்தில் மோகிச்சி என்ற மீனவக் கிராமத்து விசுவாசியைக் கடலில் சிலுவையில் கட்டி, அலை ஏறி ஏறி அடிக்கவிட்டு, பாட்டுப் பாடியபடியே சாவதைக் காட்டுவார்கள். அந்தப் பகுதிக்கு நான் தலை வணங்குகிறேன். கடலோரப் பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே புரியும். முழுப் படத்தையும் தவக்கால மண்டபத்தில் போடாதீர்கள். காலேஜ் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து, பங்குச்சாமியும் இருந்தால் போடலாம். முதலில் தேவசகாயம் பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டு.

மறைக்கல்வி_டீச்சர்

சரி ஐயா. மொன்சியோ வின்சென்ட், பசோலினியின் மத்தேயு, 'தி சாங் ஆஃப் பெர்னதெத்', கடைசி வெள்ளிக்கு பேஷன் என்று வைத்திருக்கிறேன். பெர்னதெத் படத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பழைய_புரொஜெக்டர்

1943 படம், நல்ல படம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், சிலுவைப்பாதைக்கு அப்புறம் என்றால் இரண்டு வெள்ளியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லூர்தில் மாதாவைக் கண்ட பெர்னதெத்தைப் பற்றிய கதை, பிரான்ஸ் வெர்ஃபெல் என்ற யூத எழுத்தாளருடையது. நாசிகளிடமிருந்து தப்பி ஓடும்போது லூர்து நகரில் அடைக்கலம் கிடைத்தது, அதற்கு நன்றியாக எழுதினார். ஓர் இளைஞன் பெர்னதெத் மேல் ஆசை வைப்பது கற்பனை. பள்ளியில் அவளைக் கடுமையாக நடத்தும் கன்னியாஸ்திரியாக வருபவரை உண்மையில் அவள் லூர்தில் சந்திக்கவில்லை, பிறகு நெவேர் மடத்தில்தான் சந்தித்தாள். மாதா தம்மை அமல உற்பவம், அதாவது சென்மப் பாவமில்லாமல் உற்பவித்தவர், என்று சொன்னது 1858 மார்ச் 25இல். நான்கு வருஷத்துக்கு முன் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் அறிவித்த அந்த வார்த்தை எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை வாயில் வந்ததைக் கேட்டுப் பங்குச்சாமி திகைக்கிற காட்சி அருமையாக வந்திருக்கிறது. அங்கே படத்தை நிறுத்தி, அமல உற்பவம் என்றால் என்ன என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

பேஷன் படத்துக்கு ப்ளஸ் ஒன்னுக்குக் கீழே யாரையும் விட வேண்டாம். அமெரிக்காவிலேயே சிறுவர்கள் தனியாகப் பார்க்கக்கூடாது என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். முந்தின ஞாயிறு பூசையிலேயே அறிவிப்பு வாசிக்கச் சொல்லிவிடுங்கள், பெற்றோர் வந்து பக்கத்தில் உட்காரட்டும்.